நைட்ரஜன் ஆக்சைடு குறையும், சரி. நைட்ரஸ் ஆக்சைடை யார் அளப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கழிவு நிலக்கரியில் மின்சாரம் எடுப்பது பற்றி நம் பத்திரிகையில் போன வாரம் வந்த கட்டுரையைப் படித்தேன். தென்னாப்பிரிக்காவின் ம்புமலங்கா மாகாணத்துச் சுரங்கங்களைச் சுற்றி மலை மலையாகக் கிடக்கும் கழிவைப் பாய்மப் படுகை பாய்லரில் போட்டு எரித்தால் நைட்ரஜன் ஆக்சைடு தொல்லை இருக்காது, அதனால் இது சுத்தமான நிலக்கரி என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். முதலில் சொன்னது பெரும்பாலும் உண்மை. 'அதனால்' என்று தொடங்கி அவர் சொன்னதைத்தான் என்னால் அப்படியே விட முடியவில்லை. நான் திருச்சிப் பக்கம் பாய்லர் வேலை கற்று, அப்புறம் இங்கே வந்து எமலஹ்லேனியில் குடும்பத்தோடு இருப்பவன். இந்த ஊரின் காற்றைத்தான் என் பிள்ளைகளும் சுவாசிக்கிறார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த பாய்லர் எப்படி வேலை செய்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அரசு மின் நிறுவனமான எஸ்காமின் பெரிய மின்நிலையங்களில், கெண்டல், மட்லா, குசிலே எதுவானாலும், நிலக்கரியை மாவாக அரைத்துக் காற்றோடு ஊதிச் சுவாலையாக எரிக்கிறார்கள். அந்தச் சுவாலையின் வெப்பம் 1300, 1500 டிகிரி என்று போகும். சி.எஃப்.பி.சி. (சுழலும் பாய்மப் படுகை) என்று நாங்கள் சொல்கிற பாய்லரில் அப்படிப்பட்ட சுவாலை கிடையாது. அடியில் மணலும் சாம்பலும் சுண்ணாம்புக்கல்லும் கலந்த ஒரு படுகை. அதற்குக் கீழே வரிசையாக இருக்கும் நாசில்கள் வழியாகக் காற்று வேகமாக மேலே வந்ததும் முழுப் படுகையும் கொதிக்கிற கஞ்சி மாதிரி புரள ஆரம்பிக்கும். அதில் நிலக்கரி சில சதவீதம்தான், மிச்சமெல்லாம் சூடான மணலும் சாம்பலும். பார்க்கும் கண்ணாடி வழியாகப் பார்த்தால் கண் கூசும் வெளிச்சம் இருக்காது, ஒரே சீரான ஆரஞ்சுச் சிவப்புதான் தெரியும். வெப்பம் 800-க்கும் 900-க்கும் நடுவில் நிற்கும். இவ்வளவு குறைந்த வெப்பத்தில் எரிவதால்தான் கல்லும் சாம்பலும் நிறைந்த, மற்ற பாய்லர்கள் ஏற்றுக்கொள்ளாத கரியைக்கூட இது ஏற்றுக்கொள்கிறது. தென்னாப்பிரிக்காவில் அப்படிப்பட்ட கழிவு நூறு கோடி டன்னுக்கு மேல் கிடக்கிறது என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. எங்கள் ஊரைச் சுற்றி அந்தக் குவியல்கள் தானாகவே பற்றிக்கொண்டு நாள்கணக்கில் புகைவதை நீங்களே வந்து பார்க்கலாம். அதனால் அதை உருப்படியாக எரிக்கலாமே என்ற யோசனையை நான் குறை சொல்லவில்லை.

இப்போது நைட்ரஜன் ஆக்சைடுக்கு வருகிறேன். நைட்ரிக் ஆக்சைடு, நைட்ரஜன் டை ஆக்சைடு இரண்டையும் சேர்த்துத்தான் இந்தப் பெயரில் சொல்கிறோம்; தலைப்பில் உள்ள நைட்ரஸ் ஆக்சைடு வேறு வாயு. அது இரண்டு வழியில் உண்டாகிறது. காற்றிலேயே இருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் கடும் வெப்பத்தில் சேர்வது ஒன்று. அதற்கு ஏறக்குறைய 1500 டிகிரியாவது வேண்டும். 850 டிகிரிப் படுகையில் அது நடக்கவே நடக்காது என்று சொல்லிவிடலாம். கட்டுரையாளர் இதைத்தான் பிடித்துக்கொண்டார். ஆனால் நிலக்கரிக்குள்ளேயே எடையில் 1 முதல் 2 சதவீதம் நைட்ரஜன் கட்டுண்டு கிடக்கிறது. கரி சூடானதும் அதில் ஒரு பங்கு ஹைட்ரஜன் சயனைடாகவும் அம்மோனியாவாகவும் வெளியே வருகிறது, மிச்சம் எரியாத கரித்துண்டிலேயே தங்குகிறது. பாய்மப் படுகையிலிருந்து வரும் நைட்ரஜன் ஆக்சைடு எல்லாமே அநேகமாக இந்தக் கணக்குதான். அதிர்ஷ்டவசமாக, அங்கே சுற்றிக்கொண்டிருக்கும் கரித்துண்டுகளே உண்டான நைட்ரிக் ஆக்சைடில் நிறையப் பங்கைத் திரும்பச் சாதாரண நைட்ரஜனாக மாற்றிவிடுகின்றன. காற்றையும் மொத்தமாக அடியில் கொடுப்பதில்லை. பாதி அல்லது அதற்குச் சற்று மேல் அடியில், மீதியை மேலே கொடுக்கிறோம். அடியில் ஆக்சிஜன் தட்டுப்பாடாக இருந்தால் நைட்ரிக் ஆக்சைடு இன்னும் குறையும். இப்படிப் பல விஷயங்கள் கூடிவருவதால்தான் தனியாக எந்தக் கருவியும் வைக்காமலே நல்ல சி.எஃப்.பி.சி. பாய்லர் ஒன்று ஒரு கன மீட்டர் புகைக்கு 100 முதல் 300 மில்லிகிராம் அளவில் நிற்கிறது. பழைய மாவு நிலக்கரி பாய்லரை இதோடு ஒப்பிடவே முடியாது.

இது எங்கள் பகுதிக்குச் சின்ன விஷயமும் இல்லை. 2018 ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான செயற்கைக்கோள் பதிவுகளை கிரீன்பீஸ் ஆராய்ந்தபோது உலகத்திலேயே நைட்ரஜன் டை ஆக்சைடு மிகக் கனமாகக் குவிந்த இடம் ம்புமலங்கா என்று சொன்னது. குளிர்காலத்தில் விடியற்காலை வெளியே வந்தால் புகை மேலே போகாமல் கூரை உயரத்திலேயே படுத்துக்கிடக்கும். என் பிள்ளைகளோடு படிக்கும் குழந்தைகளில் பலர் புத்தகப் பையில் ஆஸ்துமா பம்ப் வைத்துக்கொண்டுதான் பள்ளிக்கு வருகிறார்கள். நைட்ரஜன் டை ஆக்சைடு மூச்சுக்குழாயை எரிச்சலூட்டி ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும், வெயிலில் ஓசோனை உண்டாக்கும், நுண்துகளாகவும் மாறும். இந்த நாட்டின் வருடாந்திர வரம்பு ஒரு கன மீட்டர் காற்றில் 40 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது 10. எங்கள் ஊர் அடங்கிய ஹைவெல்ட் மேட்டுநிலப் பகுதியின் காற்று மக்களின் அரசியலமைப்பு உரிமையை மீறுகிறது என்று பிரிட்டோரியா உயர் நீதிமன்றமே 2022 மார்ச்சில் தீர்ப்பு சொன்னது. தெற்கு டர்பனில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் புகைக்குள் பிள்ளை வளர்த்த மெரபேங்க் குடும்பங்களுக்கு நான் இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. ஆக, நைட்ரஜன் ஆக்சைடு குறைகிற பாய்லர் வேண்டும் என்றால் நான் இரண்டு கையையும் தூக்குவேன்.

ஆனால் கட்டுரை சொல்லாமல் விட்ட பங்கு ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் இந்தக் கடிதம். கரியிலிருந்து வெளியே வந்த ஹைட்ரஜன் சயனைடு அந்த 800, 850 டிகிரியில் நைட்ரிக் ஆக்சைடாக மட்டும் மாறுவதில்லை, ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாக மாறுகிறது. மருத்துவமனையில் மயக்கத்துக்குக் கொடுக்கிறார்களே, அதே வாயு. மாவு நிலக்கரிச் சுவாலையில் அது உண்டானாலும் அந்த வெப்பம் உடனே அதை உடைத்துவிடும், புகைபோக்கியில் பத்து லட்சத்தில் சில பங்குதான் மிஞ்சும். பாய்மப் படுகையில் அதை உடைக்கப் போதுமான வெப்பம் இல்லை, அதனால் பத்து லட்சத்தில் பல பத்துப் பங்குகள், சில நேரம் நூறு பங்குக்கு மேலும் வெளியே போகிறது. எந்தக் குறைந்த வெப்பத்தைக் காட்டி இந்த பாய்லரைப் புகழ்கிறோமோ அதே குறைந்த வெப்பம்தான் இதற்கும் காரணம்.

அந்த அளவில் நைட்ரஸ் ஆக்சைடு யாருடைய மூச்சையும் அடைக்காது. ஆனால் அது வளிமண்டலத்தில் நூறு வருடத்துக்கு மேல் தங்குகிறது, ஒரு கிலோ வெளியே போனால் 273 கிலோ கரியமில வாயு செய்கிற சூட்டைச் செய்கிறது, மேலே ஓசோன் படலத்தையும் அரிக்கிறது. இந்த நாட்டில் புகைபோக்கிக்கு வைத்திருக்கும் குறைந்தபட்ச உமிழ்வுத் தரங்களில் பெரிய திட எரிபொருள் பாய்லருக்கு மூன்றே மூன்று வரிகள்: தூசி, கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடு. இந்த மூன்றாவது வரியில் நைட்ரிக் ஆக்சைடும் நைட்ரஜன் டை ஆக்சைடும்தான் அடக்கம். நைட்ரஸ் ஆக்சைடுக்கு அதில் இடமே இல்லை.

கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். திரையில் படுகை வெப்பம், ஆக்சிஜன், கார்பன் மோனாக்சைடு, கந்தகம், நைட்ரஜன் ஆக்சைடு, தூசி எல்லாம் வரிசையாக ஓடும். நைட்ரஸ் ஆக்சைடு என்று ஒரு கட்டம் நான் வேலை செய்த இடங்களில் இருந்ததில்லை. நைட்ரஜன் ஆக்சைடை அளக்கிற அனலைசர்களில் பல, ஒளியைக் கொண்டு நைட்ரிக் ஆக்சைடை எண்ணுகிற வகை. அந்த வகைக்கு நைட்ரஸ் ஆக்சைடு கண்ணிலேயே படாது. அதற்கென்று அகச்சிவப்புக் கருவி தனியாக வேண்டும்.

ஒரு ஆலையில், பெயர் வேண்டாம், புகைபோக்கி அளவெடுக்க வெளியிலிருந்து ஆள் வருகிற நாளில் என்ன செய்வார்கள் என்று சொல்கிறேன். காலையிலேயே லோடைக் குறைத்துவிடச் சொல்லி போன் வரும். கரி ஊட்டுவது குறையும், படுகை வெப்பம் 870-இலிருந்து மெல்ல மெல்ல 800-க்குப் பக்கத்தில் இறங்கும், மேல் காற்றைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிப்போம், ஆக்சிஜன் நான்கிலிருந்து மூன்றுக்கு வரும். நைட்ரஜன் ஆக்சைடு எண் இறங்க இறங்க எல்லோர் முகமும் தெளியும். அறிக்கையில் அந்த எண்தான் ஏறும். அதே நேரத்தில் அளக்கப்படாத நைட்ரஸ் ஆக்சைடு ஏறிக்கொண்டிருக்கும், ஏனென்றால் வெப்பம் இறங்கினால் நைட்ரஸ் ஆக்சைடு கூடும், நைட்ரஜன் ஆக்சைடு குறையும், இரண்டும் எதிரெதிராகத்தான் போகும். அந்த அறையில் இதை நான் சொன்னேன். நம்மிடம் கேட்காத எண்ணை நாம் ஏன் கொடுக்க வேண்டும் என்றுதான் பதில் வந்தது. அந்தப் பதில் எனக்கு இன்றும் ஆறவில்லை.

இது சோதனை நாளோடு முடிகிற விஷயமாகவும் இனிமேல் இருக்காது. மின்வெட்டுக் காலத்துக்குப் பிறகு கூரைக்குக் கூரை சோலார் வந்துவிட்டது, பகலில் கரி நிலையங்கள் லோடைக் குறைக்க வேண்டியிருக்கிறது. பாய்மப் படுகை நிலையம் ஒன்றைக் கட்டினால் அதுவும் தினமும் நடுப்பகலில் குறைந்த லோடில், குறைந்த வெப்பத்தில் ஓட வேண்டிவரும். முழு லோடில் எடுத்த எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

எவ்வளவு பெரிய கணக்கு இது என்று கேட்கலாம். காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டுக் குழு 2006-இல் வெளியிட்ட கணக்கு வழிகாட்டியிலேயே விடை இருக்கிறது. அதன் பொது அட்டவணையில் நிலக்கரி எரித்தால் ஒரு டெராஜூல் (லட்சம் கோடி ஜூல்) வெப்பத்துக்கு 1.5 கிலோ நைட்ரஸ் ஆக்சைடு என்று இருக்கும். அதே வழிகாட்டியில் பாய்லர் வகைவாரியான அட்டவணையைப் புரட்டினால் பாய்மப் படுகைக்கு 61 கிலோ, அதாவது 40 மடங்கு. 61 கிலோவை 273-ஆல் பெருக்கினால் 16 டன்னுக்கு மேல் வருகிறது. அதே ஒரு டெராஜூலுக்கு நேரடிக் கரியமில வாயு சுமார் 95 டன். அதற்கு மேல் ஆறில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாக இந்த ஒரே வாயு சேர்த்துவிடுகிறது! பொது அட்டவணையின் எண்ணைப் போட்டால் அரை டன்கூட வராது. இந்த நாட்டில் 2019 ஜூனிலிருந்து கரிம வரி இருக்கிறது, அதற்கு முன்பே 2017-இல் பசுமை இல்ல வாயு அறிக்கை விதிகளும் வந்துவிட்டன. எந்த அட்டவணையின் எண்ணைப் போட்டார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது, அதை யாரும் கேட்பதில்லை.

61 என்பது எல்லா பாய்லருக்கும் பொருந்துகிற எண் இல்லை என்று சிலர் சொல்வார்கள். அது சரிதான், அதனால்தான் அளக்கச் சொல்கிறேன். ஒரு காலத்தில் அளவெடுப்பிலேயே பெரிய கோளாறு நடந்தது. 1980-களில் சாதாரண பாய்லர்களும் நைட்ரஸ் ஆக்சைடைக் கொட்டுவதாக முடிவுகள் வந்தன. அப்புறம் பார்த்தால், புகையைக் குடுவையில் பிடித்து வைத்திருந்தபோது அதிலிருந்த ஈரமும் கந்தக டை ஆக்சைடும் நைட்ரிக் ஆக்சைடும் சேர்ந்து குடுவைக்குள்ளேயே அந்த வாயுவை உண்டாக்கியிருந்தன. நேரடியாகப் புகைக்குழாயில் அளந்ததும் சாதாரண பாய்லர்களின் எண் சரிந்துவிட்டது. பாய்மப் படுகையின் எண் மட்டும் சரியவில்லை.

இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: தமிழ்நாட்டு அனுபவத்தை இங்கே அப்படியே கொண்டுவர முடியாது. நெய்வேலியில் இரண்டாம் அனல் மின்நிலைய விரிவாக்கத்தில் 250 மெகாவாட் வீதம் இரண்டு அலகுகள் இந்த வகைதான், அதனால் நமக்குப் பழக்கமான பாய்லர்தானே என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அங்கே எரிவது பழுப்பு நிலக்கரி. இளம் எரிபொருள்களில், பழுப்பு நிலக்கரி, மரம், கரும்புச் சக்கை போன்றவற்றில், நைட்ரஜன் பெரும்பாலும் அம்மோனியாவாக வெளிவருவதால் நைட்ரஸ் ஆக்சைடு குறைவாக இருக்கும். ம்புமலங்காவின் முதிர்ந்த கரியில் சயனைடு வழிதான் பலமானது, எனவே நைட்ரஸ் ஆக்சைடும் கூடும்.

குறைக்க வழியே இல்லையா என்றால் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் ஒரு விலையும் இருக்கிறது. படுகை வெப்பத்தை 900-க்கு மேல் தூக்கினால் நைட்ரஸ் ஆக்சைடு வேகமாக இறங்கும், ஆனால் நைட்ரிக் ஆக்சைடு ஏறும், சுண்ணாம்புக்கல் கந்தகத்தைப் பிடிப்பதும் 850-ஐத் தாண்டத் தாண்டத் தளரும். அதை ஈடுகட்டச் சுண்ணாம்பை அள்ளிக் கொட்டினால் அந்தச் சுண்ணாம்பே அம்மோனியாவை நைட்ரிக் ஆக்சைடாக மாற்ற உதவும். நைட்ரஜன் ஆக்சைடை அடக்க, புகையிலிருந்து துகளைப் பிரித்துப் படுகைக்குத் திருப்புகிற சைக்ளோனின் வாயில் யூரியா தெளித்தால் அதுவே கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடை உண்டாக்கும், அம்மோனியா தெளித்தால் அந்தத் தொல்லை குறைவு. மரத்தையோ சக்கையையோ கலந்து எரிப்பது உதவும், ஆனால் அவற்றின் சாம்பலில் பொட்டாசியம் கூடினால் மணல் உருகிக் கிளிங்கராகக் கட்டிக்கொண்டு படுகையே நின்றுவிடும். அதை உடைத்து வெளியே எடுக்கிற வேலை எவ்வளவு கொடுமை என்பது செய்தவர்களுக்குத்தான் தெரியும். எனக்கு நம்பிக்கை தருவது சுவீடனில் கோத்தன்பர்க் நகரத்துச் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தின் 12 மெகாவாட் பாய்லரில் 1990-களில் செய்து பார்த்த வழிதான். வழக்கமாக அடியில் ஆக்சிஜனைக் குறைத்து மேலே கூட்டுவதைத் தலைகீழாக்கி, மேல் பகுதியில் ஆக்சிஜனைக் குறைத்து, கடைசிக் காற்றை சைக்ளோனுக்குப் பிறகு கொடுத்தார்கள். நைட்ரிக் ஆக்சைடும் கந்தகமும் கூடாமலே நைட்ரஸ் ஆக்சைடு வெகுவாகக் குறைந்தது. முடியாது என்று யாராவது சொன்னால் இதைக் காட்டலாம்.

இந்த நாட்டுக்கும் இது புதிய வாதம் இல்லை. லெபலாலே பக்கத்தில் தபமெட்சி, எங்கள் ஊர் அருகில் கன்யிசா என்று இரண்டு பாய்மப் படுகை நிலையங்கள் திட்டமிடப்பட்டன. தபமெட்சி வழக்கில்தான் 2017 மார்ச்சில் பிரிட்டோரியா நீதிமன்றம், காலநிலைப் பாதிப்பைப் பார்க்காமல் அனுமதி கொடுக்கக் கூடாது என்று சொன்னது. அதற்குப் பிறகு போட்ட கணக்குகளில் நைட்ரஸ் ஆக்சைடும் வெளியே வந்தது, புதிதாகக் கட்டுவதாகச் சொன்ன நிலையம் எஸ்காமின் மெடுபி, குசிலே போன்றவற்றைவிட ஒரு யூனிட் மின்சாரத்துக்கு அதிகச் சூடேற்றும் வாயுவை விடும் என்பது பேசப்பட்டது. கடைசியில் இரண்டும் கட்டப்படவில்லை. அந்தக் கணக்கை ஒருவர் உட்கார்ந்து போட்டதால்தான் விஷயமே தெரிந்தது.

நைட்ரஜன் ஆக்சைடு வரம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. புதிய நிலையத்துக்கு இங்கே 750 மில்லிகிராம், அதுவும் புகையில் 10 சதவீத ஆக்சிஜன் என்ற அடிப்படையில். இந்தியாவில் 6 சதவீத அடிப்படை. அந்த அடிப்படைக்கு மாற்றினால் இந்த 750 ஏறக்குறைய 1020 ஆகிவிடும். 2017 முதல் வரும் நிலையங்களுக்கு இந்தியாவின் 2015 அறிவிப்பு வைத்த எண் 100. இங்கே உள்ள 750, நல்ல சி.எஃப்.பி.சி. பாய்லர் கண்ணை மூடிக்கொண்டே உள்ளே நின்றுவிடுகிற வரம்பு. வரம்புக்குள் இருக்கிறோம் என்று ஒரு நிறுவனம் சொன்னால், அதற்காகப் பெரிதாக எதையும் செய்ய வேண்டியிருக்கவில்லை என்பதையும் வாசகர்கள் சேர்த்தே நினைக்க வேண்டும்.

அதனால் நான் கேட்பது இவ்வளவுதான். இந்த வகை பாய்லர் எங்கே வந்தாலும், மின்நிலையமோ காகித ஆலையோ சர்க்கரை ஆலையோ, நைட்ரஸ் ஆக்சைடை நைட்ரஜன் ஆக்சைடோடு சேர்த்துத் தொடர்ச்சியாக அளக்க வேண்டும், குறைந்த லோடிலும் அளக்க வேண்டும், இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வெளியிட வேண்டும். சுற்றுச்சூழல் அனுமதிக்கான வரைவு அறிக்கை வெளிவந்தால் குறைந்தது 30 நாள் கருத்துச் சொல்ல அவகாசம் உண்டு. யார் வேண்டுமானாலும் பாதிக்கப்படும் தரப்பினராகப் பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம், நம் சங்கங்களும் கோயில் குழுக்களும்கூடச் செய்யலாம். வாயால் கேட்பதைவிட எழுத்தில் கேளுங்கள், அறிக்கை தயாரிப்பவர் அதைச் சேர்த்துப் பதில் எழுதியாக வேண்டும். எந்தப் படுகை வெப்பத்தில் இந்த எண் வந்தது, பாதி லோடில் எவ்வளவு, நைட்ரஸ் ஆக்சைடுக்கு 1.5-ஐப் போட்டீர்களா 61-ஐப் போட்டீர்களா என்று கேளுங்கள். கடிதம் எழுத உதவி வேண்டும் என்றால் இந்தப் பத்திரிகை வழியாக எனக்குத் தெரிவியுங்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
ஒரு பாய்லர் பொறியாளர்,
எமலஹ்லேனி, ம்புமலங்கா